மாக்கல்லோடு அரைத்த நார்

அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்தது. 'அன்புள்ள தங்கைக்கு' என்று தொடங்கியிருந்தாய். என்னால் அப்படித் தொடங்க முடியவில்லை. பொறுத்துக்கொள். பொறுக்க முடியாவிட்டாலும் சரி.

உன் மாப்பிள்ளை, என் வீட்டுக்காரர், இப்போதெல்லாம் படுத்துத் தூங்குவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, மேஜைமேல் தலையணையை வைத்து, அதில் நெற்றியைச் சாய்த்துக்கொள்கிறார். சட்டைக்குப் பொத்தான் போடுவதற்குள் நின்று நின்று மூச்சு வாங்குகிறார். சிகரெட்தான் காரணம் என்று எழுதியிருக்கிறாய். அவர் வாயில் சிகரெட்டை நீ எந்த ஜென்மத்தில் பார்த்தாய்? உன் அரவை மில்லில் மெஷின் ஓட்டியதைத் தவிர அவர் செய்த பாவம் ஒன்றுமில்லை.

மாக்கல் சாதுவான கல்தான். நகத்தால் கீறினாலே மாவாக உதிரும், தொட்டால் சோப்பு மாதிரி வழுக்கும். அப்பா காலத்தில் நம் சுரங்கக் குழியின் மேல்மட்டத்தில் அது மட்டும்தான் கிடைத்தது. என் மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் நீ குழியை ஆழமாக்கினாய். மாக்கல் முடிந்து சுண்ணாம்புப் பாறை தொடங்குகிற ஓரத்தில், பட்டுநூல் சிக்கு மாதிரி வெள்ளையாக ஒரு கல் வந்தது. கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் படித்தவன் நீ. ஒரு துண்டை நகத்தால் நார் நாராகப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்தாய். லைட்டரைப் பற்றவைத்து இன்னொரு நாரில் காட்டினாய். அது கருகக்கூட இல்லை.

"இதுதான் கல்நார், ஆஸ்பெஸ்டாஸ். ரெண்டுமே சிலிகேட்தான், மாக்கல்லும் இதுவும் ஒரே சூட்டுல பொறந்த அண்ணன் தங்கச்சி" என்று சிரித்தாய்.

பெயர் தெரிந்தவனுக்கு, அது நெஞ்சுக்குள் போனால் என்ன செய்யும் என்று தெரியாதா? மறுவாரமே, தனியாகப் பிரிக்க ஆள் போட முடியாது, சேர்த்தே அரைக்கட்டும் என்று சொல்லிவிட்டாய்.

நெஞ்சுப் படத்தைப் பார்த்த டாக்டர், அந்த நார் ஊசி ஊசியாக நுரையீரலில் தைத்துவிடும், உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது, தைத்த இடமெல்லாம் தழும்பாகிவிடும் என்றார். மருந்து என்ன என்று கேட்டேன். படத்தை உறைக்குள் திருப்பி வைத்தார், அவ்வளவுதான். அன்றே குழியோரத்துக் கல் ஒன்றை டப்பாவில் போட்டு மூடி, சுரங்க அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். ஆய்வாளர் அம்மா நேரில் வந்து பார்த்தார். சோதனை முடிவு வந்ததும் மில்லுக்குச் சீல் வைத்துவிட்டார்.

தெருவில் என்னோடு யாரும் பேசுவதில்லை. மூட்டை ஏற்றுகிறவர் வாசலிலேயே நின்று, "ஒன் வீட்டுக்காரர் மூச்சுக்காக எங்க அடுப்ப அணச்சிட்டியேம்மா" என்று கேட்டார். பேசும்போதே அவருக்கும் மூச்சு இழுத்தது.

புகாரைத் திரும்பப் பெற்றால் மாப்பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ப்பதாக உன் மேனேஜர் வந்து சொன்னார். பொய் சொல்ல மாட்டேன், எனக்குச் சபலம் தட்டியது. உன் மாப்பிள்ளைதான் மேஜையிலிருந்து தலையைத் தூக்கி, ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று சொன்னார்: "வாபஸ் வாங்காத. எனக்கப்புறம் அந்த மெஷின்ல வேற ஒருத்தன் நிப்பான்."

நேற்று விசாரணை. உன் பெயரைச் சொன்னேன். லைட்டரைக் காட்டி நீ சிரித்ததையும் சொன்னேன். கூடப்பிறந்தவளே இப்படிச் செய்யலாமா என்று போனில் கேட்டாய். கூடப்பிறந்தவளின் புருஷன் என்று நீ யோசித்தாயா? இனி இந்த வீட்டுப் படி ஏறாதே. அவருக்கு எது நடந்தாலும் வராதே.

ஒன்றே ஒன்று. போனில் என்னைத் திட்டும்போது நடுவில் நிறுத்திவிட்டு இருமினாய். அது சளி இருமல் இல்லை. அந்தச் சத்தத்தைத் தினமும் பக்கத்தில் கேட்கிறவள் நான். நகரத்துக்குக் குடிபோகிறவரை நீயும் அந்தத் தூசியில்தானே நின்றாய், வாயில் ஒரு துணிகூடக் கட்டாமல்? நாளைக்கே அண்ணியைக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடு. என் மேல் இருக்கிற கோபத்தில் தள்ளிப்போடாதே.

நூறு வயசு வரைக்கும் இருந்து என்னைத் திட்டிக்கொண்டிரு.

உன் தங்கை