இந்த வாரம் யார் முறை?

27 மார்ச் 2020, வெள்ளி

இன்றும் பாக்கெட் நூடுல்ஸ்தான். கடையில் மாவு கிடைக்கவில்லை, எங்கள் ஊர் முட்டைமாவு நூடுல்ஸ், ஷ்பெட்ஸ்லே கூடச் செய்ய முடியவில்லை. ஸ்டுட்கார்ட்டில் ஷ்பெட்ஸ்லே இல்லாத வெள்ளிக்கிழமை! காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சமையலறை மேஜையில் உட்கார்ந்து, தண்ணீர்க்குழாய் வெடித்தவர்களுக்கெல்லாம் இன்சூரன்ஸ் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். மேஜைக்கடியில் சின்னவன் ஆன்டன் நாயாகிக் குரைத்துக்கொண்டிருந்தான். பெரியவள் ரோன்யா பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கணக்குத் தாளில் குதிரை வரைந்துகொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் ஜோஹென் காலையிலேயே பஸ் ஓட்டப் போய்விட்டார். காலியான பஸ்ஸாம். அங்கே அவ்வளவு இடம், இங்கே நாங்கள்.

திடலுக்கு நடந்து போனோம். சறுக்குமரத்தைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடா. "அதுக்கும் காய்ச்சலாம்மா?" என்றான் ஆன்டன். நாலு வயசு.

திரும்பி வந்து பின்பக்க முற்றத்தில் விட்டேன். துணி காயப்போடும் கம்பம் நாலு, குப்பைத்தொட்டி, கல் பாவிய தரை, அவ்வளவுதான். ஐந்து நிமிஷம் ஓடியிருப்பார்கள். கீழ்வீட்டு ஐசலே அம்மா ஜன்னலைத் திறந்தார்.

"இது துணி காயப்போடுற இடங்க. விளையாடக் கூடாதுன்னு வாசல்லயே எழுதிப் போட்டிருக்கு."

"திடலப் பூட்டிட்டாங்க."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

உள்ளே கூட்டி வந்தேன். வந்திருக்கக் கூடாது.

28 மார்ச்

ஐசலே அடியிலிருந்து கூரையைத் துடைப்பக் கட்டையால் இடித்தார். நான் மேலிருந்து மிதித்தேன். வருத்தமில்லை.

31 மார்ச், செவ்வாய்

வீட்டு நிர்வாகத்திலிருந்து போன். புகார் வந்திருக்கிறதாம்: ஓட்டம், குதிப்பு, முற்றத்தில் கூச்சல். இன்னொரு தடவை வந்தால் முறைப்படி எச்சரிக்கை அனுப்ப வேண்டியிருக்குமாம், அதற்கு மேலும் போனால் வாடகை ஒப்பந்தமே... அந்த ஆள் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. இந்த ஊரில் வீடு கிடைப்பது எப்படி என்று எனக்குத் தெரியாதா?

ஜோஹென் சாப்பாட்டில் சொன்னார், "கொஞ்ச நாளைக்கு அடங்கித்தான் போயேன், வெரேனா."

"ஆறு வயசும் நாலு வயசும் எப்படிங்க அடங்கும்? நீங்களே சொல்லிக் குடுங்க, நான் பாக்கறேன்."

தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். நல்ல மனுஷன்தான். ஆனால் பகலில் வீட்டில் இல்லாத மனுஷன்.

5 ஏப்ரல், ஞாயிறு

எங்கள் கதவுப்பிடியில் கூட்டும் முறைப் பலகை தொங்குகிறது, போன வாரக்காரர் மாட்டிவிட்டுப் போனது. நாளை முதல் எங்கள் முறை. இந்தக் கட்டடத்தில் ஐந்து குடும்பம். வாரத்துக்கு ஒரு குடும்பமாக மாடிப்படி, வாசல், முற்றம் எல்லாம் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் ஊரே பேசும். இங்கே கொலை செய்தவனைக் கூட மன்னிப்பார்கள், முறை தவறியவனை மாட்டார்கள்.

பலகையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். விளையாடக் கூடாது என்று எழுதியிருக்கிறது. கூட்டக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?

6 ஏப்ரல், திங்கள்

கைப்பிடியை அறுத்துச் சின்னதாக்கிய துடைப்பம் இரண்டு. ஒரு பெரிய துடைப்பம். குப்பை அள்ளும் முறம்.

எல்லோரும் சனிக்கிழமை சாயங்காலம்தான் கூட்டுவார்கள். நாங்கள் திங்கட்கிழமை காலை இறங்கினோம். ஜன்னல் உடனே திறந்தது.

"என்ன நடக்குது இங்க?"

"எங்க முறைங்க."

"இன்னிக்குத் திங்கக்கிழமை!"

"அழுக்கு கிழமை பாத்தா வருது?"

பிள்ளைகள் ஒரு பைன் காயைத் துடைப்பத்தால் தள்ளித் தள்ளி முறத்துக்குள் அடித்தார்கள். முறம்தான் கோல். "பந்து விளையாடக் கூடாது!" என்றார் ஐசலே. ஆன்டன் நிமிர்ந்து பார்த்து, "இது பந்தில்ல, குப்பை" என்றான். என் மகன்! இரண்டு முத்தம் கொடுத்தேன்.

மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை மட்டும் இறங்குவதில்லை. சத்தம் போடக் கூடாத ஓய்வு நேரம். அதையும் மீற நான் பைத்தியக்காரியில்லை.

10 ஏப்ரல்

தினமும் கூட்டுகிறோம். ஜெர்மனியிலேயே சுத்தமான முற்றம் இதுதான்.

12 ஏப்ரல், ஈஸ்டர்

முறை இன்றோடு முடிகிறது. மேல்மாடிப் பையன்கள் வீட்டுக் கதவைத் தட்டி, அடுத்த வாரத்தைக் கேட்டேன். "எங்க முறைய நீங்களே எடுத்துக்கறீங்களா? நெசமாவா?" என்று ஒருத்தன் கும்பிடாத குறை. எதிர்வீட்டு ஹாங்கே அம்மாவிடமும் அதற்கடுத்த வாரத்தைக் கேட்டு வாங்கிவிட்டேன். நான் அவருக்குச் செய்வது பெரிய உதவி என்று நினைத்துக்கொண்டு ஒரு கட்டு டாய்லெட் பேப்பர் கொடுத்தார். இன்றைக்கு அது தங்கம்.

21 ஏப்ரல், செவ்வாய்

நிர்வாகத்து ஆள் மறுபடி போன் செய்தார்.

"பிள்ளைங்க மணிக்கணக்கா முற்றத்துல இருக்காங்கன்னு சொல்றாங்க."

"கூட்டறோம்."

"தினமுமா?"

"தினமும்."

அவரும் இந்த ஊர்க்காரர்தானே, கூட்டாதே என்று எந்த வாயால் சொல்வார்? கடைசியில், "சரி... கூட்டறது நல்லதுதான்" என்று வைத்துவிட்டார். சமையலறையில் தனியாக நின்று ஆடினேன்.

26 ஏப்ரல், ஞாயிறு

அடுத்த வாரம் ஐசலேயின் முறை. வேறு வழியில்லாமல் நானே கீழே இறங்கி, இரண்டு படி தள்ளி நின்று கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

"இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து என் முறைய நான் யாருக்கும் குடுத்ததில்ல" என்றார். "ஆஸ்பத்திரியில இருந்து வந்த மறுநாளே குனிஞ்சு கூட்டினவ நான். உங்க தந்திரம் எனக்குப் புரியாதுன்னு நெனைக்காதீங்க."

கதவை மெதுவாகத்தான் சாத்தினார். அதுதான் இன்னும் எரிச்சல்.

29 ஏப்ரல், புதன்

மூணு நாளா உள்ளேயே. மழை கூட இல்ல, வெயில் கொளுத்துது.

ஆன்டன் காலையில ஷூ போட்டுக்கிட்டு நடையில மல்லாந்து படுத்தான். சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கல, ஷூவால தரைய உதைச்சுக்கிட்டே கிடந்தான். கழட்டவும் விடல. ரோன்யா வெளிய போலாமான்னு கேக்கறதையே விட்டுட்டா. கேட்டு அடம் பிடிச்சா நான் திட்டிட்டுப் போயிருப்பேன். அவ கேக்கல. ஜன்னல் பக்கம் முதுகக் காட்டி உக்காந்து படம் போடறா. ஆறு வயசுப் புள்ளைக்கு இவ்வளவு பொறுமை எதுக்கு? யாரு கத்துக்குடுத்தது? நாந்தானா?

குளியலறைக் கதவச் சாத்திக்கிட்டு அழுதேன். போதும்.

நாளைக்கு இறங்கறோம். முறை இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. எச்சரிக்கை அனுப்பட்டும். வீட்ட விட்டுப் போன்னு சொல்லட்டும்.

30 ஏப்ரல், வியாழன்

இறங்கினோம். துடைப்பம் எடுத்துப் போகவில்லை, ஒரு சாக்கும் வேண்டாம் என்று. பிள்ளைகளை முற்றத்தின் நட்டநடுவில் நிறுத்தி, "ஓடுங்க" என்றேன். ஓடவில்லை. என்னைப் பார்த்தார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள்.

ஐசலே பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார், கையில் துடைப்பம். வரிசையாக என்னென்ன சொல்ல வேண்டும் என்று எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. ஆன்டனின் ஷூவைத்தான் பார்த்தார். "என் தலைக்கு மேல ஷூவாலயே தரைய உதைச்சது நீதானே? நேத்து முழுக்க?"

அவன் தலையாட்டினான்.

"நேத்து சாயங்காலம் ஏன் நிறுத்தின?"

"களைச்சுப் போச்சு."

அவர் நிமிர்ந்தார். பிறகு குரலை உயர்த்தி, "என் முறையில யாரும் சும்மா நிக்கக் கூடாது. கூட்டறதுன்னா மூலையெல்லாம் கூட்டணும். போய் எடுத்துட்டு வாங்க" என்றார். பிள்ளைகள் படியில் பறந்தார்கள். அவர் அவர்களை வேலை வாங்கியதைப் பார்க்க வேண்டுமே. குப்பைத்தொட்டிக்குப் பின்னால் இரண்டு தடவை கூட்டச் சொன்னார். ரோன்யா பைன் காயை முறத்தில் அடித்தபோது மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

நன்றி சொல்லவில்லை நான். புகார் கொடுத்தது அவர்தானே. மறந்துவிட மாட்டேன்.

3 மே

நாளை முதல் ஐந்தாவது வீடு, மாடியறை ஷேஃபர் முறை. தானே கூட்டுவாராம், வீட்டில் உட்கார்ந்து அலுத்துவிட்டதாம். புதன்கிழமை திடலைத் திறக்கிறார்கள், இனி யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. சரி என்றேன்.

6 மே, புதன்

திடல்! ஆன்டன் சறுக்குமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

8 மே, வெள்ளி

மதியம் போனில் இருந்தேன், யாரோ ஒருவரின் நனைந்த கம்பளத்தைப் பற்றி. மூன்று மணி அடித்ததும் பிள்ளைகள் என்னைக் கேட்காமலே துடைப்பத்தோடு இறங்கிவிட்டார்கள். கல்லில் துடைப்பம் உரசும் சத்தமும் ஆன்டனின் "கோல்!" சத்தமும் கேட்டது. அப்புறம் பின்கட்டடத்து ஆளின் குரல்.

"என்ன கூத்து இது? முற்றமா, மைதானமா? போன் பண்றேன் பாருங்க!"

ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு பால்கனிக்கு ஓடினேன். வாயைத் திறப்பதற்குள் எனக்குக் கீழே ஜன்னல் திறந்தது.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?" ஐசலேயின் குரல். "புள்ளைங்க கூட்டறாங்க!"

"இந்த நேரத்துலயா? யார் முறை இது?"

"என் முறை! நான்தான் கூட்டச் சொன்னேன். போன் பண்ணுங்க, என் பேரச் சொல்லுங்க!"

அந்த ஆளின் ஜன்னல் மூடியது. துடைப்பச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. நான் பால்கனியில் அப்படியே நின்றேன். பலகை ஷேஃபர் வீட்டுக் கதவில் தொங்குகிறது. அதை அங்கே கொண்டுபோய் மாட்டியதே ஐசலேதான்.