தூணுக்குள் இறங்கும் தண்ணீர்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? இங்கே எல்லோரும் நலம் என்று வழக்கம்போல எழுத இந்த முறை கை வரவில்லை. போனில் பேசினால் அப்பா காதில் விழுந்துவிடும். அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் உன் விஷயம். கடைசித் தேர்வை விட்டுவிட்டு டிக்கெட்டை மாற்றிக் கிளம்பி வருகிறேன் என்று சொல்லியிருந்தாய். வேண்டாம். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் பதில் சொல்லப் பக்கத்துப் பெண்ணை விட்டவள் நீ. அப்படிப்பட்டவள் அந்தக் கட்டிடப் படிப்பு லீவு வகுப்பில், அந்நிய தேசத்துப் பிள்ளைகள் நிறைந்த அறையில் நின்று பேசினாய், பேராசிரியை தன் ஆய்வுக்கூடத்துக்கே வரச் சொல்லிவிட்டார் என்று படித்தபோது, அடுப்பில் பால் பொங்கி வழிந்தது எனக்குத் தெரியவில்லை. அந்த வாய்ப்பு கைநழுவக் கூடாது.

ஆனால் அன்று நீ எல்லோருக்கும் காட்டியது நம் வீட்டு வாசல் தூணாகப் போயிற்றே. வீட்டைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது என்றாய், போட்டோ எடுத்து அனுப்பினேன். நான் புதுப் புடவையில் நின்றதை நீ கவனிக்கவே இல்லை. என் முதுகுக்குப் பின்னால் ஓடிய வெடிப்பையும் துருக்கறையையும்தான் பார்த்தாய். தூணுக்குள் மழைத்தண்ணீர்க் குழாய் போகிறதா என்று கேட்டாய்.

போகத்தானே செய்கிறது. அப்பா கட்டிய வீடுகளில் வெளியே ஒரு குழாய் தெரியாது. முகப்பு துடைத்துவிட்டாற்போல இருக்கிறது என்றுதானே ஊர் அவரைத் தேடி வந்தது. அந்தக் குழாய் உள்ளேயே உடைந்திருக்கும், கம்பி ஊறிப்போயிருக்கும், உடனே முட்டுக்கொடுங்கள் என்று நீ சொன்னதும் அவர் போனை வைத்துவிட்டார். லீவுக்குப் படிக்கப் போனவ எனக்கே தூண் வைக்கக் கத்துத் தர்றா என்று சிரித்தார். நீ அதை வகுப்பில் காட்டியது தெரிந்த பிறகு சிரிப்பு நின்றது. ஊர் பேர் தெரியாதவன் முன்னாடியெல்லாம் என் மானத்தை வெச்சுப் பாடம் படிச்சிருக்கா என்றவர், அதன்பின் உன் பேரை எடுக்கவில்லை.

அப்பாவிடம் கம்பி கட்டும் ஆளை, உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவரை, நான்தான் அப்பாவுக்குத் தெரியாமல் வரவழைத்தேன். வந்தவர் தூணைச் சுத்தியலால் லேசாகத் தட்டினார். பூச்சு பாளமாக விழுந்தது. கம்பியைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, அண்ணி, பாப்பா சொன்னது சரிதான், பிஸ்கட் மாதிரி உதிருது, அண்ணன்கிட்ட நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க என்று போய்விட்டார். அப்பா வந்து பார்த்தார். யார் தட்டியது என்றுகூடக் கேட்கவில்லை. தானே கலவை போட்டுப் பூசி, பட்டி பார்த்து, பெயின்டும் அடித்துவிட்டார். இப்போது பார்த்தால் நேற்றுக் கட்டிய தூண்போல இருக்கிறது. உள்ளே இருப்பது அதே உதிர்கிற கம்பிதான்.

பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். மாடியில் வாடகைக்கு இருந்த தையல்காரர் குடும்பத்திடமும் மருந்துக்கடைக்காரரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். தையல்காரர் மனைவி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஏங்கக்கா, இவ்வளவு நாளும் தெரிஞ்சுதான் எங்களைக் குடி வெச்சிருந்தீங்களா என்று கேட்டாள். இருவரும் காலி செய்துவிட்டார்கள். கட்டுனவன் வீட்டை அவன் பொண்டாட்டியே காலி பண்ணிட்டா என்று அப்பா தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். அன்றே கட்டிலைத் தூக்கிப்போய் வாசல் அறையில், தூணை ஒட்டிப் போட்டுக்கொண்டார். விழுந்தா முதல்ல என் தலையில விழட்டும் என்கிறார்.

நீ சொன்னபடி நான் மாமா வீட்டுக்குப் போனேன். போய் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். திரும்பி வந்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அவரை விட்டுவிட்டு எங்கே போவேன்?

அவருக்குத் தெரியாது என்று நினைக்காதே. ஞாயிற்றுக்கிழமை என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கடைக்குப் போகிற வழியில், அவர் கட்டிய ஒரு வீட்டுக்கு முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தினார். வாசல் தூணில் முதுகைச் சாய்த்து ஒரு சிறுமி செருப்பு வாரைப் பூட்டிக்கொண்டிருந்தாள். அவளைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுத் தூணின் அடியில் கை வைத்துப் பார்த்தார். கையில் செம்மண் நிறத்தில் ஈரம் ஒட்டியது. கைக்குட்டையில் துடைத்தார். அந்த வீட்டுக்காரர் வெளியே வந்து, வாங்க மேஸ்திரி, காப்பி சாப்பிடுங்க என்றார். இவர் வேலையிருக்கிறது என்று வண்டியை எடுத்துவிட்டார். இவர் இப்போது பயப்படுவது நம் வீட்டுத் தூணுக்கு இல்லை. இதை ஒத்துக்கொண்டால் ஒவ்வொரு வாசலிலும் போய்ச் சொல்ல வேண்டும். அதற்குத்தான். இந்த ஊரில் அப்படி எத்தனை வாசல் என்று உனக்கே தெரியும்.

என்னால் அவரை அசைக்க முடியவில்லை. அழுதேன், சண்டை போட்டேன், சாப்பிடாமல் இருந்தேன். எனக்கு வேறு வழி தெரியவில்லையம்மா. நீதான் கூப்பிட வேண்டும். அவர் எடுக்க மாட்டார். எடுக்கும்வரை கூப்பிடு. எடுத்தால் குழாயைப் பற்றியோ வகுப்பைப் பற்றியோ பேசாதே, மன்னிப்பும் கேட்காதே. இப்படி ஒரு தூணுக்கு முட்டு எந்த இடத்தில் கொடுப்பது, எவ்வளவு இறுக்குவது, மேல்தளம் நோகாமல் எப்படிச் செய்வது என்று கேள். அது புத்தகம் பார்த்துச் செய்கிற வேலை இல்லை, அவர் கை பழகிய வேலை. சொல்லத் தொடங்கிவிட்டார் என்றால் எழுந்து போய்ச் செய்துவிடுவார். நம் வீட்டுக்குச் செய்தவர் அடுத்த வீட்டுக்கும் போவார். அப்போது அவரோடு நானும் போய் வாசலில் நிற்பேன். திட்டு விழுந்தால் சேர்ந்தே வாங்கிக்கொள்கிறோம்.

உன் படிப்பு நல்லபடியாக முடியட்டும். நீ கால் வைக்கிற இடமெல்லாம் உறுதியாக இருக்கட்டும். காலையிலிருந்து மேகம் கூடிக்கொண்டே இருந்தது. இப்போது தூறல் விழுகிறது. அப்பா எனக்குப் பக்கத்தில்தான், தூணோரக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார், தூங்கவில்லை. அவர் போன் தலைமாட்டிலேயே இருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் கூப்பிடு, கண்ணே.

உன் அம்மா