மூன்றாவதாக ஆடுகிறவள்

அன்புள்ள அம்மா,

முட்டி வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய் என்றுதான் மெயிலில் எழுதுகிறேன்.

பழைய படங்களில் படிந்த தூசியையும் கீறலையும் கம்ப்யூட்டரில் துடைக்கும் வேலைதானே எனக்கு? இப்போது கையில் இருப்பது அறுபதுகளில் வந்த படம். நாயகிக்குக் கோபுரம் மாதிரி கொண்டை, காதுவரை இழுத்த கண்மை. அவள் இமையைத் தாழ்த்தினால் போதும், வசனமே வேண்டாம். நீ பார்த்தால் சொக்கிப்போவாய். அவளுக்குப் பின்னால் மூன்றாவதாக ஆடுகிறவள் அச்சு அசல் நீதான். நீ ஸ்டூடியோ வாசலைக்கூட மிதித்ததில்லை என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

அவள் இடது கன்னத்தில் இருந்த புள்ளியை முந்தாநாள் தூசி என்று துடைத்துவிட்டேன். மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார். "தூசின்னா ஒரு ஃப்ரேம்ல இருந்துட்டுப் போயிடும். இது அவ கூடவே ஆடுதே, மச்சம்மா!" எனக்கே சிரிப்பு வந்தது.

நேற்று அப்பா அனுப்பிய போட்டோவில் உன் இடது கன்னத்து மச்சத்தைக் காணோம். பவுடரை அப்பிக்கொண்டாயாக்கும். இருந்தாலும் ஓடிப்போய் அவளுக்கு மச்சத்தைத் திரும்ப வைத்தேன். சேமித்ததும் மறைந்துவிடுகிறது.

உன் பழைய புடவை ஒன்றைத் துவைக்காமல் அனுப்பு, போர்த்திக்கொள்ள வேண்டும். முகம் கழுவிவிட்டு ஒரு போட்டோவும் அனுப்பு.

அந்த மூன்றாவது ஆட்டக்காரி கேமராவையே முறைக்கிறாளாம். படத்திலிருந்து அவளையே எடுத்துவிடச் சொல்கிறார் மேலாளர். மாட்டேன் என்றேன். நாளைக் காலை பக்கத்து மேஜைக்காரர் எடுக்கப்போகிறார். பத்து மணிக்குக் கூப்பிடுவேன். முதல் ரிங்கிலேயே எடும்மா.

உன் சின்னவள்