மாடியில் எட்டு பிளக் பாயிண்ட்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், அங்கே நீயும் உன் கம்பெனியின் ஏழு பேரும் சுகமாக இருக்க வேண்டும். போனில் உன் குரலைக் கேட்டதும் சொல்ல வந்தது மறந்துபோகிறது, அதனால்தான் இந்தக் கடுதாசி. முட்டிவலி கொஞ்சம் தேவலை. தச்சர் இன்னும் உன் மேஜையைக் கொண்டுவரவில்லை, செவ்வாய்க்கிழமை நிச்சயம் என்கிறார், எந்தச் செவ்வாய் என்று நானும் கேட்கவில்லை. ஆபீஸ் இங்கே வரப்போவதில்லை என்று அவரிடம் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

நம் மாடியில் நீ ஒரு மாதம் கம்பெனி நடத்திப் பார்த்ததை நினைத்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா என்று கேட்டாய், புதிதாகச் சேர்ந்த நாலு பேரும் "ஆயிடும் மேடம்" என்றார்கள், ஆகவில்லை. "முடியலைன்னா சொல்லித் தொலைங்களேன், நான் என்ன கடிச்சா முழுங்கிடப் போறேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாய். அந்த ஊருக்குப் போன முதல் வாரமே, உன்னிடம் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் உன் திட்டம் தப்பு என்று எல்லார் முன்னாலும் சொன்னாளாம், அன்றைக்கே அங்கேதான் ஆபீஸ் என்று முடிவு செய்தாயாம். வாடகையில்லாத மாடியை விட்டு, திட்டு வாங்கவா அவ்வளவு தூரம் போனாய் என்று நானும் சிரித்தேன். அந்த நாலு பேர் மேல் கோபம் வைக்காதே அம்மா. ஒயரிங் வேலை பார்த்த முப்பது வருஷமும் நானும் அப்படித்தான், இன்றைக்கு முடியுமா என்று கேட்டால் முடிந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். முடியாது என்றால் எதிரே நிற்பவர் முகம் வாடுமே, அதைப் பார்க்கத் தைரியம் கிடையாது.

போன மாதம் நீ கேட்டாய், "நான் இங்கயே இருந்துட்டா உனக்குப் பரவாயில்லையாப்பா?" என்று. எனக்கென்ன குறைச்சல், தாராளமாக இரு என்றேன். அந்த நாலு பேர் சொன்ன பதில்தான் அது. எனக்குக் கஷ்டமாக இருக்கிறது கண்ணு. ஒற்றை ஆளுக்கு உலை வைக்கவே வெறுப்பாக இருக்கிறது, சில நாள் சாயங்காலம் வரைக்கும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். திரும்பி வா என்று சொல்லவில்லை, நீ எடுத்த முடிவு சரிதான். உன்னிடம் தப்பான பதில் சொல்லிவிட்டேன், அதைத் திருத்தத்தான் எழுதுகிறேன்.

உன் கம்பெனி தழைக்கட்டும், நீ நீண்ட நாள் நன்றாக இருக்கணும். வேளாவேளைக்குச் சாப்பிடு. உனக்காக மாடியில் வைத்த எட்டு பிளக் பாயிண்டில் ஒன்றில்தான் இப்போது போனை சார்ஜ் போடுகிறேன். கூப்பிட்டால் உடனே வைத்துவிடாதே, நான் படியேறி வரவேண்டும்.

உன்,
அப்பா