எலும்பு பிடிக்கும் வரை

செப். 5, சனி
காலையிலிருந்து தூறல். பேகம்பேட் கிளினிக், 11 மணி. ஜூனில் ஆபீஸ் கார் பிரேக் அடித்தபோது முன்சீட்டில் மோதிப் போன மேல் முன்பல். அந்த இடத்தில் இன்று எலும்புக்குள் ஸ்க்ரூ. வாய் மரத்துவிட்டது, துளை போடும் சத்தம் மட்டும் மண்டைக்குள். துப்பட்டாவை முறுக்கியே கசக்கிவிட்டேன்.

டாக்டரம்மா தெலுங்குக்காரர். சென்னையில் படித்ததால் தமிழ் வரும். "எலும்பு வளந்து ஸ்க்ரூவைப் பிடிக்கணும். மூணு, நாலு மாசம். அதுவரைக்கும் கழட்டி மாட்டற பல் போதும்."

நான்தான் விடவில்லை. அக். 6 அமெரிக்காவிலிருந்து க்ளையன்ட் வருகிறார்கள், டெமோ கொடுப்பது நான். கழட்டி மாட்டும் பல்லோடு பேசிப் பார்த்தேன், ஸ் ஸ் என்று காற்று. ஆட்குறைப்பு நேரம் வேறு. இன்றே நிலையாக ஒன்று வையுங்கள் என்று கெஞ்சல்.

"சரி, தற்காலிகப் பல். பார்வைக்கு மட்டும். அதுல கடிச்சா ஸ்க்ரூ அசையும். அசைஞ்சா எலும்பு பிடிக்காது. எடுத்துட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். சாஃப்ட்வேர் டெஸ்டிங்குக்கு மூன்று வாரம் வேண்டும் என்று மேனேஜரோடு சண்டை போடுகிறவள் நான். வெட்கம்.

செப். 14, திங்கள்
வெயில். கொண்டாப்பூர் சிக்னலில் ஆபீஸ் பஸ் 25 நிமிஷம் நின்றது.
சாப்பிட்டது: இட்லி. குழைந்த தயிர் சாதம். மறுபடி இட்லி.
கண்ணாடி முன்னால் விரலால் பல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். ஆடுகிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும். பையன் பார்த்துவிட்டான். "மம்மி, முட்டுக்கோகு! டாக்டர் ஆண்ட்டி தொடாதேன்னாங்கல்ல?" தமிழும் தெலுங்குமாகத் திட்டு. பன்னிரண்டு வயதுக்கு நல்ல அதிகாரம்.
மின் கட்டணம் நாளை கடைசி.

செப். 27, ஞாயிறு
சரஸ்வதி பூஜை. பயமாக இருக்கிறது. எழுதினால் குறையுமா பார்க்கிறேன்.

நாலாவது மாடி மாமி வீட்டுக் கொலு. போன இடத்திலெல்லாம் சுண்டலைப் பொட்டலமாக வாங்கிப் பையில் போட்டுத் தப்பித்துவந்தேன். மாமி விடவில்லை. "பிரசாதத்தைக் கையில வெச்சுண்டு என்னடி யோசனை? வாயில போடு." தேங்காய்க் கீற்று. வாங்கிய கையோடு கடித்துவிட்டேன். முன்பல்லால். பேச்சு சுவாரசியத்தில். இத்தனை வருஷப் பழக்கம், வேறென்ன சொல்ல.

'டக்' என்று ஒன்று. வெளியே யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் காதுவரை கேட்டது. சிரித்துக்கொண்டே குங்குமம் வாங்கிக்கொண்டு படியில் இறங்கினேன்.

செப். 28, திங்கள்
விஜயதசமி லீவு. கிளினிக்கும் லீவு. நல்லதாகப் போயிற்று என்று தோன்றியது, அதுவே எவ்வளவு கோழைத்தனம்.
இவரிடம் மதியம் சொன்னேன்.
"வலிக்குதா?"
"இல்ல."
"அப்புறம் என்ன?"
பேப்பரை விரித்துவிட்டார். டிஃபென்ஸ் லேப்காரர், எதற்கும் அசையாத மனுஷன். வலி இல்லாததுதான் பயம் என்று எப்படிப் புரியவைப்பது?
பல் ஆடுகிறது. இப்போது சந்தேகமே இல்லை.

செப். 30, புதன்
அரை நாள் லீவு போட்டு பேகம்பேட். தேங்காயைச் சொன்னேன். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மேலே இருக்கும் தற்காலிகப் பல்லைப் பிடிக்கும் குட்டி ஆணிதான் தளர்ந்திருக்கிறதாம். உயிர் வந்தது. அடுத்த வார்த்தையில் போயிற்று.

"உள்ளே இருக்கற ஸ்க்ரூ அசைஞ்சதான்னு இன்னைக்குச் சொல்ல முடியாது."
"டெஸ்ட் பண்ணிப் பாருங்களேன் டாக்டர்."
"திருகிப் பாத்தா, பிடிக்க ஆரம்பிச்ச எலும்பை நானே பேத்துடுவேன். மூணாவது, நாலாவது வாரம்தான் ரொம்ப மோசமான நேரம். முதல்ல இருந்த பிடி தளர்ந்திருக்கும், புது எலும்பு இன்னும் கெட்டியாகியிருக்காது. ஓபிக பட்டண்டி. பொறுமை, அவ்வளவுதான் மருந்து."

பதினைந்து வருஷமாக டெஸ்டிங் வேலை. டெஸ்ட் செய்தாலே உடையும் ஒன்றைக் கேள்விப்பட்டதில்லை.

தற்காலிகப் பல்லைத் திரும்ப மாட்டவா, எடுத்துவிடவா என்றார். டெமோவுக்கு ஆறு நாள். எடுத்துவிடுங்கள் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அக். 5, திங்கள்
மழை. மறுபடி அந்தக் கழட்டி மாட்டும் பல். கண்ணாடி முன்னால் மூன்று தடவை டெமோ. 'சிஸ்டம்' என்று சொல்லும்போதெல்லாம் விசில். பையன் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினான். சிரிக்கட்டும்.
நாளைக்கு: ஐடி கார்டு, லேப்டாப் சார்ஜர், நீல சுடிதார் இஸ்திரி.


அக். 6, செவ்வாய்
க்ளையன்ட் வரவில்லை. பயணச் செலவை நிறுத்திவிட்டார்களாம், காலையில்தான் மெயில். டெமோ போனில். அவர்கள் பார்த்தது என் கம்ப்யூட்டர் திரையை மட்டும். ஒன்றரை மணி நேரம் பேசினேன், நன்றாகவே போயிற்று. விசிலைப் பற்றி ஒருத்தர்தான் கேட்டார், "போன் லைன் சரியில்லையா?" என்று.

என் முகத்தை யாருமே பார்க்கவில்லை.

ஸ்க்ரூ பிடித்ததா இல்லையா, நவம்பர் கடைசியில் எக்ஸ்ரே. அதற்கு முன்னால் கேட்காதீர்கள் என்றிருக்கிறார் டாக்டரம்மா.