கியர் போடுகிறவள்

ஜோகுபாளையம், பெங்களூரு
திங்கட்கிழமை

அன்புள்ள பாப்பா தர்ஷினிக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் வழக்கம்போல ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு சௌக்கியமாகவே இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை அஷ்வினும் அந்த நியூசிலாந்துக் குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க மாரியம்மன் துணையிருக்கட்டும். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு வார்த்தை சொல்லிவிடுகிறாய், போதாததற்கு அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது பார். எதிர்வீட்டு மமதா இந்த வாரம் ஆக்லாந்துக்குக் கிளம்புகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். தின்பதற்கு ஒன்றும் வைக்கவில்லை. போன தடவை வடகத்தை ஏர்போர்ட்டில் பிடுங்கிக் குப்பையில் போட்டார்களே, அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. காட்டன் நைட்டி இரண்டு வைத்திருக்கிறேன், முதல் தண்ணீரில் சாயம் போகும், தனியாகத் துவை.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீ திட்டிக்கொள். செலிகா கார் போகவில்லை. அதை எடுத்துக்கொள்ள நீ பேசி ஏற்பாடு செய்த அந்த கிரண் வண்டி ஏற்றுகிற லாரியோடு வந்தான், நான்தான் திருப்பி அனுப்பினேன். நீ கேட்டபோதெல்லாம் மழை, மழை என்று நான் சொன்னது சாக்கு. பாப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று கிரண் வாயையும் அடைத்துவைத்தேன். அப்பாவுக்கு இதில் பங்கில்லை, அவரிடம் கோபித்துக்கொள்ளாதே.

நீ சொன்னது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். நீ நர்ஸ், நாள் முழுக்க நோயாளிகளைப் பார்க்கிறவள். ஆடி மாதம் கழுத்து நரம்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அப்பாவின் இடது கைவிரல்கள் எதையும் பிடிக்கவில்லை, வந்தாலும் வரும், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கியர் இருப்பது இடது கைப்பக்கம். ஓட்ட முடியாத வண்டியைப் பார்த்துப் பார்த்து அவர் மனசு ஒடிந்துபோவார், நன்றாக வைத்துக்கொள்கிறவனுக்குக் கொடுத்துவிடலாம் என்றாய். நியாயம்தான். ஆனால் அப்பா அதற்குச் சரி என்று ஒரே வார்த்தையில் சொன்னாரே, அதுதான் எனக்குப் பயமாகப் போய்விட்டது. கொத்தமல்லிக் கட்டு வாங்கினாலும் நாலு கேள்வி கேட்கிற மனுஷன். அதற்கப்புறம் அவர் வண்டி நிற்கிற சிரில் அண்ணன் ஷெட் பக்கமே போகவில்லை. டிவியைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிசியோதெரபிக்கு வருகிற வீணா பிடித்துப் பிடித்து விடச் சொல்லி ஒரு ரப்பர் பந்து கொடுத்தாள். குழந்தை விளையாடுகிற சாமான் எனக்கெதற்கு என்று அதை ஜன்னலோரம் வைத்தவர் திரும்பத் தொடவில்லை.

அந்த வண்டியை நான் சக்களத்தி என்று சொல்லுவேனே, உனக்கு ஞாபகம் இருக்கும். க்ளென் அங்கிள் சிங்கப்பூரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்து, வருஷக்கணக்கில் மழையில் விட்டு, ஆஸ்திரேலியா போகும்போது அப்பா தலையில் கட்டிவிட்டுப் போனது. கதவுக்கடியில் கையை விட்டால் துரு பொலபொலவென்று கொட்டும். நீ பி.யூ.சி. படிக்கும்போது ஆரம்பித்த வேலை, துருவை வெட்டித் தகடு வைத்து, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சிவப்புப் பெயிண்ட் அடித்து முடித்தபோது உனக்குக் கல்யாணமே ஆகியிருந்தது. என் மாம்பழக் கலர் பட்டுக்கூட அந்த வண்டி துடைக்கத்தான் போயிற்று. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அது ஒழிந்தால் சந்தோஷப்பட வேண்டிய முதல் ஆள் நான்தான்.

அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். ஆயுத பூஜை முடியட்டும், பூஜை போடாத வண்டியை அடுத்தவன் வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்றார். சரி என்று அன்றைக்குக் காலையில் ஷெட்டுக்குப் போனோம். நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்ததும், பானெட்டில் வைக்காதே பெயிண்ட் கறைபடும், கண்ணாடியில் வை என்று ஆரம்பித்தார். வாழைக்கன்றைக் கம்பியால் கட்டாதே, நூலால் கட்டு என்றார். மாதக்கணக்கில் மௌனமாக இருந்த மனுஷன் குறை சொல்ல ஆரம்பித்ததும் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினேன். இனி வண்டி அதன்மேல் ஏற வேண்டும். சிரில் அண்ணன் நல்ல மனசோடு, நீ சும்மா உட்கார் கோவிந்தா, நாங்கள் தள்ளிவிடுகிறோம் என்றார். அப்பா முகம் சுருங்கிப்போயிற்று. தள்ளி நசுக்கினால் அது பூஜையா, வண்டி தன் பலத்தில் ஏறணும் என்று சொல்லிவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணினார். இடது கையைத் தூக்கி கியர் தலைமேல் வைத்தார். கை அங்கே சும்மா கிடந்தது. நகரவில்லை. சிரில் அண்ணன் அணைந்துபோன கற்பூரத்தை ஊதுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பாப்பா, அந்த நிமிஷம் உங்கப்பா முகத்தை நீ பார்த்திருக்கக் கூடாது. நானும் பார்த்திருக்கக் கூடாது.

எனக்கு என்ன தோன்றியதோ, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய் இடது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, எந்தப் பக்கம் தள்ளணும் என்று கேட்டேன். அப்பா கிளட்சில் காலை வைத்தார். உன் பக்கமா இழுத்து முன்னால் தள்ளு, நான் கிளட்சை மிதித்து ம் என்று சொன்ன அப்புறம் தள்ளு என்றார். அவர் கைமேல் என் கையை வைத்தேன். ம் வருவதற்கு முன்னாலேயே தள்ளிவிட்டேன், அது கர்ரென்று கத்தியது. உடனே என்னைத் திட்டினார் பார், ஷெட்டே அதிர்ந்தது. திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். அடுத்த ம்முக்குச் சரியாக விழுந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கிய வாசனை குப்பென்று வந்தது, நின்றுவிடுவார் என்று பார்த்தால் நிற்கவில்லை. ஷெட்டைத் தாண்டிக் காம்பவுண்டுக்குள் வந்து, ம், நேராகக் கீழே இழு என்றார், இரண்டாவது கியர். கோடிச்சுவர் வரைக்கும் போய்த் திரும்பினோம். சிரில் அண்ணன் உடைக்க வேண்டிய பூசணிக்காயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுவில் நின்றதைப் பார்த்து அப்பா வாய்விட்டுச் சிரித்தார். ரிவர்ஸ் மட்டும் எனக்கு வரவில்லை. கடைசியில் சிரில் அண்ணன் தள்ளித்தான் உள்ளே விட்டார். அப்படித் தள்ளலாமாம், அதில் குற்றமில்லையாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிரண் வந்தான். நல்ல பிள்ளை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வண்டிக்குள் ஏறினான். அப்பா பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவர் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார், மழை நாளில் ஹேண்ட்பிரேக் போட்டு விடாதே ஒட்டிக்கொள்ளும், காலையில் எழுப்பியதும் விரட்டாதே என்று. பானெட்டுக்குள்ளிருந்து எழும்புகிற ஹெட்லைட்டைப் போட்டுக் காட்டினார், வலது கண் எழுந்து நின்றது, இடது கண் அப்படியே தூங்கியது. அதற்கு என் மகள் அங்கே பழைய வண்டிக் கடையில் தேடி மோட்டார் அனுப்பியிருக்கிறாள், கை இப்படி ஆனதால் பிரிக்கவில்லை, அதையும் எடுத்துக்கொண்டு போய் மாட்டிக்கொள் என்றார். சொல்லிக்கொண்டே சாவியை வலது கையால் நீட்டினார். இடது கையைப் பேண்ட் பைக்குள் விட்டு மறைத்துக்கொண்டார். அவ்வளவுதான், எனக்குத் தாங்கவில்லை. தம்பி, தப்பாக நினைக்காதே, வண்டியைக் கொடுப்பதாக இல்லை என்றேன். அப்பா பதறிப்போய், நீ பேசாமல் இரு, பாப்பா வாக்குக் கொடுத்திருக்கிறாள் என்றார். அவள் வாக்கு அவளோடது, இடது பக்கத்து சீட்டு என்னோடது என்று சொல்லிவிட்டேன். எப்படி வந்தது அந்த வாய் என்று எனக்கே தெரியவில்லை. கிரண் அப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், என்ன புரிந்துகொண்டானோ, ஆய்து அம்மா, பேஜார் மாடிக்கோபேடி, சரி அம்மா வருத்தப்படாதீர்கள் என்று கன்னடத்தில் என்னையே சமாதானப்படுத்தினான். வெறும் லாரியோடு அனுப்ப மனசு வராமல் ஒரு பை நிறையப் பொரியும் வெல்லமும் கட்டிக்கொடுத்தேன். நீயும் ஒரு போன் போட்டு அவனிடம் நல்ல வார்த்தை சொல்லிவிடு.

நீ பயப்படுவது எனக்குத் தெரியும். ரோட்டுக்குப் போகவில்லை, போகவும் விடமாட்டேன். ஞாயிறு சாயங்காலம் காம்பவுண்டு கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளேயேதான். வீணாவிடமும் சொல்லிவிட்டேன், பந்துக்குப் பதில் கியரையாவது பிடிக்கட்டும், கேட்டைத் தாண்டினால் நான் வரமாட்டேன் என்று மிரட்டிவிட்டுப் போனாள். நீ அனுப்பிய மோட்டாரை மாட்டியது யார் தெரியுமா, நான்தான். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து பத்தாம் நம்பர் ஸ்பேனர் எடு, இடப்பக்கம் திருப்பு என்று அதிகாரம் பண்ணினார். இப்போது இரண்டு கண்ணும் சேர்ந்து எழுகிறது. சக்களத்தி என்றாலும் லட்சணமாகத்தான் இருக்கிறாள்.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதினேன். மழை விட்டிருந்தது. ஒன்றாவது கியரில் கிளம்பினோம். அவர் ம் என்றார். சிரில் அண்ணன் வீட்டு நாய் குறுக்கே வருகிறதா என்று நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை அவர் கைமேல்தான் இருந்தது, ஆனால் நான் இன்னும் இழுக்கவில்லை. கியர் இரண்டில் விழுந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன், அவர் ஒன்றும் தெரியாத மாதிரி ரோட்டைப் பார்க்கிறவர்போல முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது. என் கையின் கனத்தில் விழுந்திருக்கும் என்று நர்ஸாக நீ சொல்லலாம், இருக்கட்டும். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நீயும் போனில் கேட்டுவைக்காதே, அவராகச் சொல்லட்டும்.

குளிருக்குக் காதை மூடிக்கொள், ராத்திரி டியூட்டி முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். எல்லாச் செல்வமும் பெற்று இரண்டு பேரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஜனவரியில் வரும்போது முன்சீட்டுக்குச் சண்டை போடாதே, பின்னால் உட்கார்ந்துகொள். அப்பாவின் கை முழுசாகக் குணமாகிவிட்டாலும் நான் என் கையை எடுப்பதாக இல்லை.

இப்படிக்கு,
உன் ஆசை அம்மா
கோ. தனக்கோடி