இல்லாத குடியை விட்டவருக்கு

டீக்கடையைத் தவிர வேறு கடை வாசலை மிதிக்காத என் அப்பாவுக்கு,

அம்மாவுக்கு ஈரலில் கிருமியாம். போன மாதம்தான் தெரிந்தது. பிரஷர் மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனவளை நர்ஸ் பிடித்து உட்காரவைத்து, "வயசானவங்க எல்லாருக்கும் இப்ப இந்த டெஸ்ட் எடுக்கிறோம், விரலை நீட்டுங்கம்மா" என்றிருக்கிறார். ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம். ஹெபடைடிஸ் சி என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி எடுத்துப் பார்த்தும் அதேதான்.

உங்களுக்கு வயிறு ஊதிய நாள் ஞாபகம் இருக்கிறதா? டவுன் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, உங்களை ஏறிட்டும் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னார்: "ஈரல் சுருங்கிப்போச்சு. குடியை நிறுத்தச் சொல்லுங்க." நீங்கள், "நான் குடிக்கிறதே இல்ல சார்" என்றீர்கள். "எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

அம்மா டாக்டரை நம்பினாள். இத்தனை வருஷம் உங்களோடு குடும்பம் நடத்தியவள், உங்கள் வாயை மோந்து பார்த்தாள். ஒன்றும் வராததால், "வாசனை தெரியாத சரக்காப் பாத்துக் குடிக்கிறாரு" என்று மாமாவிடம் போய்ச் சொன்னாள். மாமா வழியாக ஊர் முழுக்கத் தெரிந்தது.

பிறகு கீழ்வேளூரில் பஸ் ஏற்றி வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போனாள். மாதா முன்னால் மெழுகுவர்த்தியோடு நிற்கவைத்து, இனிமேல் தொடமாட்டேன் என்று உங்களிடம் சத்தியம் வாங்கினாள். குடிக்காத மனுஷன் குடியை விட்டீர்கள்! ஏன் அப்பா செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "அவளுக்கு நிம்மதின்னா சொல்லிட்டுப் போறேன். தொடாததைத் தொடமாட்டேன்னு சொல்றதுல என்ன பொய் இருக்கு?" என்றீர்கள். அந்த நல்லதனம்தான் உங்களுக்கு வினையானது. சத்தியத்துக்குப் பிறகும் வயிறு இறங்கவில்லை என்றதும், மாதாவையே ஏமாற்றிவிட்டீர்கள் என்று அம்மா முடிவுகட்டினாள். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நீங்களும் வீம்பாக, "என்னைக் குடிகாரன்னு சொல்ற எந்த ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேன்" என்று படுத்துவிட்டீர்கள். கடைசிவரை அவள் உங்களோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. கல்லறைத் தோட்டத்தில் குழியை மூடுவதற்குள்ளேயே, "குடி யாரை விட்டுச்சு" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சண்டையாகியிருக்கும்.

இப்போது அம்மாவைப் பார்த்த டாக்டர், "முன்னாடி ஊசி நிறையப் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். "நடவு, அறுப்புன்னா ரெண்டு பேருமே போய்ப் போட்டுக்குவோம்ங்க. கம்பவுண்டர் வீட்டு வாசல்ல தெருவே நிக்கும். ஊசி போட்டாத்தான மறுநாள் குனிய முடியும்?" என்றாள் அம்மா. எல்லாருக்கும் ஒரே ஊசிதான். வெந்நீரில் ஒரு முக்கு, உடனே அடுத்த ஆள். "இதுலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நிறையப் பேருக்கு இப்படிப் பரவியிருக்கு" என்றார் டாக்டர். மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் குணமாகிவிடுமாம்.

அம்மா மாத்திரையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "குடிக்காதவங்களுக்கும் இது வருமா?" என்று மட்டும் கேட்டாள். "நீங்க குடிக்கிறீங்களா என்ன?" என்றார் டாக்டர். "எங்க வீட்டுக்காரரு..." என்று ஆரம்பித்தாள். மிச்சத்தை நான் சொன்னேன். "அவருக்கும் இதுவா இருந்திருக்கலாம். அப்பவே டெஸ்ட் எடுத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

எடுத்திருந்தால்! சர்க்கரை மாத்திரைக்காக நீங்கள் மாதாமாதம் அதே சுகாதார நிலையத்துக்குத்தானே போனீர்கள்? அதே விரலைத்தானே குத்தினார்கள்? இன்னொரு சொட்டு எடுக்க யாருக்கு என்ன கஷ்டம்? யாரிடம் போய்க் கேட்பேன்?

வீட்டுக்கு வந்ததும் அம்மா மாத்திரை டப்பாவைத் தள்ளிவைத்தாள். "அவருக்குக் கெடைக்காத மருந்து எனக்கு எதுக்கு? நானும் அப்படியே போறேன்." எனக்கு இரக்கம் வரவில்லை அப்பா. கோபம்தான் வந்தது.

"நீ சுலபமாப் போயிருவ. அப்பாவைக் குடிகாரர்னு சொன்னது நீ. இல்லன்னு இப்ப யாரு போய்ச் சொல்றது? நான் சொன்னா, மக பரிஞ்சு பேசுறான்னுவாங்க. நீதான் சொல்லணும். அதுக்கு நீ உயிரோட இருக்கணும்" என்றேன். தள்ளிவைத்த டப்பாவைப் பக்கத்தில் இழுத்தாள். அப்புறம் தண்ணீர் கேட்டாள். மாத்திரையை விழுங்கினாள்.

இன்று சாயங்காலம் முதல் வீடாக மாமா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். உள்ளே போகக்கூட இல்லை. வாசலில் நின்றபடியே, "அண்ணே, அவரு குடிக்கல. நாந்தான் அநியாயமாப் பழி போட்டுட்டேன்" என்றாள். மாமா, "செத்தவரைப் பத்தி இப்ப எதுக்கு?" என்று பேச்சை மாற்றப் பார்த்தார். மாமாவும் அதே கம்பவுண்டரிடம் ஊசி போட்டுக்கொண்டவர்தானே? "நாளைக்கு வந்து நீங்களும் டெஸ்ட் எடுத்துக்குங்க மாமா" என்றேன்.

"நான்தான் குடிக்கிறதே இல்லையேம்மா, எனக்கு எதுக்கு?" என்றார் மாமா.

விடமாட்டேன் அப்பா. நாளைக் காலைக்கு ஆட்டோ சொல்லியிருக்கிறேன், முதலில் மாமா. அதற்கப்புறம் உங்களைக் குடிகாரர் என்று சொன்ன ஒவ்வொருவர் வாசலிலும் அம்மாவை நிறுத்துவேன். அவள் சொல்லி முடித்ததும் அவர்கள் விரலையும் நீட்டவைப்பேன். உங்களுக்கு எடுக்காத அந்த ஒரு சொட்டை அவர்கள் எல்லாரிடமும் எடுக்கவைப்பேன்.

உங்களை ஒருநாளும் சந்தேகப்படாத மூத்த மகள்,
ஸ்டெல்லா